வானத்தில் ஒரு தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையம்

1990 மார்ச் 14ஆம் திகதி அமெரிக்காவின் கேப் கனவெரல் ஏவுதளத்திலிருந்து டைட்டன் ரொக்கட் ஒன்று புறப்பட்டது. அதன் தலைப்பகுதியில் இன்டெல்சாட் 603 என்ற தொலைத்தொடர்புச் செய்மதி இருந்தது. ரொக்கட் பிழையின்றிப் பறந்தது. செய்மதியை விடுவிக்கும் கட்டளையும் உரிய நேரத்தில் பிறந்தது. செய்மதிதான் விடுபடவில்லை. அந்த ரொக்கட் இரண்டு செய்மதிகளை ஒன்றாகக் காவிச் செல்லும் வகையில் அமைக்கப்பட்டது. அன்று காவியது ஒன்றை மட்டுமே. கட்டளை நிரலை எழுதியவர்கள் ஓர் இணைப்பை மனதில் கொண்டு எழுதினர். கம்பிகளைப் பொருத்தியவர்கள் மற்றைய இணைப்பில் பொருத்தியிருந்தனர். கட்டளை ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியது.

தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர்கள் வேறு வழியின்றிச் செய்மதியை அதன் உந்துபொறியிலிருந்து கழற்றி, பொறியை ரொக்கட்டோடு விட்டுவிட்டுச் செய்மதியை மட்டும் பிரித்தெடுத்தனர். பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிலைகொள்ள வேண்டிய விண்கலம், சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் செயலற்றுச் சுற்றத் தொடங்கிற்று.

இந்த விபத்தில் ஒரு விசித்திரம் உண்டு. எந்த இடத்திலிருந்து வரும் அழைப்பை எந்த இடத்துக்கு அனுப்புவது என்ற வேலையை ஆகாயத்தில் இருந்தபடியே செய்யும் கருவி அந்தச் செய்மதியினுள் இருந்தது. வர்த்தகச் செய்மதிகளில் அதுவரை இடம்பெற்ற வழிப்படுத்தும் கருவிகளுள் அதுவே மிகவும் முன்னேறியது. ஒரேயொரு சமிக்ஞை தவறான கம்பியில் வழிப்படுத்தப்பட்டதால் அது வழியிலே நின்றுவிட்டது.

'வழிப்படுத்தல்' என்ற அந்த ஒற்றைச் சொல்லின் வரலாற்றையே இங்கு எழுத முனைகிறேன். செய்மதிகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் ரொக்கட்டுகளையும் ஏவுதளங்களையும் பற்றியவை. செய்மதியின் வயிற்றுக்குள் நடப்பதை நாம் அதிகம் பார்ப்பதில்லை. ஆனால் யார் யாரோடு பேசலாம், அந்தப் பேச்சு யாருடைய மண்ணைத் தொட்டுச் செல்ல வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

கண்ணாடியாக இருந்த காலம்

பிற்காலத்தில் கொழும்பையே தமது ஊராக்கிக்கொண்ட ஆதர் சி. கிளார்க், 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில் மூன்று விண்நிலையங்களால் உலகம் முழுவதையும் இணைக்கலாம் என்று காட்டினார். பலரும் அறிந்த செய்தி இது. பலரும் மறந்துவிட்ட செய்தி, அந்த நிலையங்களில் மனிதர்கள் வாழ்வார்கள் என்று அவர் கருதியமை. அன்றைய மின்னணுக் கருவிகள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை, அடிக்கடி எரிந்துபோகும், மாற்றுவதற்கு ஆள் வேண்டும். 1947 டிசெம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்டர் பிறந்தது. ஆள் தேவையில்லாத செய்மதி சாத்தியமாயிற்று. ஆனால் திருத்துவதற்கு ஆள் இல்லாத கருவி என்பது இன்னொரு சுமையையும் கூடவே கொண்டுவந்தது. மேலே அனுப்பப்படும் ஒவ்வோர் உறுப்பும் பழுதின்றிப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். எனவே 'சிக்கலான எதையும் மேலே அனுப்பாதே, தரையிலேயே வைத்துக்கொள்' என்பது பொறியியலாளர்களின் முதல் விதியாயிற்று.

1965 ஏப்ரல் 6ஆம் திகதி ஏவப்பட்ட 'ஏர்லி பேர்ட்' அந்த விதியின் குழந்தை. 240 தொலைபேசிச் சுற்றுகள், அல்லது ஒரேயொரு தொலைக்காட்சி அலைவரிசை. அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேற்குக் கரையில் ஒரு நிலையம், கிழக்குக் கரையில் ஒரு நிலையம் என இரண்டு மட்டுமே ஒரே நேரத்தில் அதனைப் பயன்படுத்த முடிந்தது. ஐரோப்பிய நாடுகளின் நிலையங்கள் முறைவைத்து மாறிமாறிப் பயன்படுத்தின. கீழிருந்து வந்ததை வாங்கி, மீடிறனை மாற்றி, பெருக்கி, மீண்டும் கீழே அனுப்புவது மாத்திரமே அதன் பணி. பொறியியலாளர்கள் இத்தகைய செய்மதியை 'வளைந்த குழாய்' என்று செல்லமாக அழைப்பர். ஒரு முனையில் ஊற்றியது மறுமுனையில் வரும். என்ன ஊற்றப்பட்டது, யார் ஊற்றினார் என்று குழாய்க்குத் தெரியாது.

பல நிலையங்கள் ஒரே செய்மதியைப் பகிரும் முறை அடுத்த தலைமுறையிலேயே வந்துவிட்டது. ஆனால் வேறொரு நெருக்கடி காத்திருந்தது. வானொலி அலைகளுக்கென ஒதுக்கப்பட்ட மீடிறன்கள் காணியைப் போன்றவை, அளவு கூடாது. வாடிக்கையாளர் தொகையோ ஆண்டுதோறும் பெருகியது. அதே காணியில் இரண்டாவது மாடி கட்டுவதே வழி. உலகின் மூன்றிலொரு பங்கை ஒரே அகன்ற ஒளிவட்டத்தால் நனைப்பதற்குப் பதிலாக, கிழக்குக்கு ஒரு கற்றை, மேற்குக்கு ஒரு கற்றை என்று ஒடுக்கினால், ஒன்றையொன்று தொடாத இரண்டு கற்றைகளிலும் அதே மீடிறனைப் பயன்படுத்தலாம். 1975இல் ஏவப்பட்ட இன்டெல்சாட் நான்கு-ஏ வகைச் செய்மதி இதைச் செய்தது. 1980இல் வந்த ஐந்தாம் வகை, அலைகளின் முனைவாக்கத்தையும் சேர்த்து ஒரே மீடிறனை நான்கு மடங்கு பயன்படுத்தியது. 12,000 தொலைபேசிச் சுற்றுகளைத் தாங்கியது.

கற்றைகளைப் பிரித்தவுடன் முன்பு இல்லாத ஒரு கேள்வி எழுந்தது. ஒரே கற்றை இருந்தபோது மேலிருந்து வருவதை எல்லோரும் கேட்டனர். தனக்குரியதை ஒவ்வொருவரும் பொறுக்கிக்கொண்டனர். இப்போது மேற்குக் கற்றையில் ஏறிய அழைப்பு கிழக்குக் கற்றையில் இறங்க வேண்டுமென்றால், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க யாராவது வேண்டும். தொடக்கத்தில் இதற்கு நிலையான இணைப்புகளே பயன்பட்டன. இந்த டிரான்ஸ்பொண்டர் மேற்கிலிருந்து கிழக்குக்கு, அந்த டிரான்ஸ்பொண்டர் கிழக்கிலிருந்து மேற்குக்கு என்று பங்கிட்டுவிடுவது. மாற்ற வேண்டுமானால் தரையிலிருந்து கட்டளை அனுப்பி, செய்மதியிலுள்ள இயந்திர ஆளிகளைத் திருப்ப வேண்டும். மாதக் கணக்கில் ஒருமுறை செய்யக்கூடிய காரியம் அது. நாளுக்கு நாள் செய்யக்கூடியதன்று.

எமது தலைமுறைப் பத்திரிகையாளர்களுக்கு இந்த நிலைமையை விளங்கிக்கொள்வது கடினமன்று. வெளியூர்ச் செய்தியாளர் 'ட்ரங்க் கோல்' பதிந்துவிட்டுக் காத்திருந்த காலத்தை நாம் கடந்துவந்தவர்கள். கம்பி இல்லாமையினால் அன்று அழைப்புத் தாமதமானதில்லை. இணைத்துவிடுபவரின் கை ஓயாமையினாலேயே தாமதமானது. அந்தக் கையைத் தரையில் அகற்றியவர் அல்மன் ஸ்ட்ரோஜர் என்னும் அமெரிக்கர். பிணச்சடங்கு நடத்துவது அவரது தொழில். தமக்கு வரவேண்டிய அழைப்புகளைத் தொலைபேசிப் பெண்மணி போட்டிக் கடைக்காரருக்கு இணைத்துவிடுகிறார் என்ற ஐயத்தினால் தானியங்கிப் பரிவர்த்தனைக் கருவியைக் கண்டுபிடித்தார் என்று கதை சொல்வார்கள். 1891இல் அவர் காப்புரிமை பெற்றது வரலாறு. இணைப்பவர் யார் என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல என்பது அந்தச் சவப்பெட்டிக் கடைக்காரருக்கே புரிந்திருக்கிறது.

முப்பத்தாறு சந்திகள்

செய்மதியினுள்ளும் ஒரு ஸ்ட்ரோஜர் தேவைப்பட்டார். அமெரிக்காவின் கொம்சாட் நிறுவன ஆய்வுகூடத்தினர் 1970களில் இதற்காக உழைத்தோருள் முக்கியமானவர்கள். அவர்கள் வகுத்த முறை இது. ஒவ்வொரு கற்றையிலும் உள்ள புவிநிலையங்கள் தொடர்ச்சியாக ஒலிபரப்புவதில்லை. தமக்குரிய கணத்தில் சமிக்ஞைப் பொதியொன்றை மேலே எறிந்துவிட்டு மௌனமாகிவிடும். செய்மதியில் ஓர் ஆளிவலை இருக்கும். குறுக்கே ஆறு பாதைகள், நெடுக்கே ஆறு பாதைகள், அவை வெட்டும் முப்பத்தாறு சந்திகளிலும் ஒவ்வோர் ஆளி. எந்தச் சந்தி எந்தக் கணத்தில் திறக்க வேண்டும் என்ற அட்டவணை செய்மதியின் நினைவகத்தில் இருக்கும். பொதி வந்து சேரும் கணத்தில் உரிய சந்தி திறந்திருந்தால், அது உரிய கற்றையில் இறங்கிவிடும்.

அட்டவணை போடுவதில் ஓர் அழகான கணக்கு உண்டு. அ, ஆ, இ என மூன்று கற்றைகள் இருப்பதாகக் கொள்வோம். அ-விலிருந்து ஆ-வுக்கு மூன்று பொதிகள், இ-க்கு இரண்டு. ஆ-விலிருந்து அ-வுக்கு நான்கு, இ-க்கு ஒன்று. இ-யிலிருந்து அ-வுக்கு ஒன்று, ஆ-வுக்கு இரண்டு. மொத்தம் பதின்மூன்று பொதிகள். ஒவ்வொன்றாக அனுப்பினால் பதின்மூன்று கணங்கள் வேண்டும். ஆனால் ஒரே கணத்தில் மூன்று சந்திகள் திறந்திருக்கலாம். ஒரு வாசலில் இருவர் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். முதற்கணத்தில் அ-விலிருந்து ஆ-வுக்கும், ஆ-விலிருந்து இ-க்கும், இ-யிலிருந்து அ-வுக்கும் திறக்கலாம். அடுத்த இரண்டு கணங்களில் இதே வட்டத்தை எதிர்த்திசையில் சுற்றலாம். கடைசி இரண்டு கணங்களில் அ-வும் ஆ-வும் தமக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஐந்தே கணங்களில் பதின்மூன்று பொதிகளும் போய்ச் சேர்ந்துவிட்டன. வாசகர்கள் தாளெடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஐந்தினும் குறைக்க முடியாது. ஏனெனில் அ-விலிருந்து மட்டுமே ஐந்து பொதிகள் புறப்படுகின்றன. எத்தனை கற்றைகள் இருந்தாலும், மிக நெரிசலான வாசலுக்குத் தேவையான கணங்களே முழு வேலைக்கும் போதுமானவை என்பது கணிதரீதியாக நிரூபிக்கப்பட்ட உண்மை. அந்த அட்டவணையை விரைவாகக் கண்டுபிடிக்கும் வழியொன்றை இனுகாய் என்ற ஆய்வாளர் 1979இல் வெளியிட்டார்.

கணக்கு அழகானது, கருவி அவ்வளவு இலகுவானதன்று. இன்டெல்சாட்டின் காலப்பங்கீட்டு முறையில் ஒரு சுழற்சி 2 மில்லிசெக்கனில் முடிந்துவிடும். ஒளி 600 கிலோமீற்றர் செல்லும் நேரம் அது. புவிநிலையமோ 36,000 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. அது அனுப்பும் பொதி மேலே போய்ச் சேரவே செக்கனில் எட்டிலொரு பங்கு ஆகும். அதற்குள் அறுபதுக்கு மேற்பட்ட சுழற்சிகள் முடிந்துவிடும். போதாக்குறைக்குச் செய்மதி தன் இடத்தில் அசையாமல் நிற்பதில்லை; மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு நிலையமும் தன் தூரத்தை ஓயாமல் அளந்து, திறக்கப்போகும் சந்தியை நோக்கி முன்கூட்டியே பொதியை எறிய வேண்டும். அதுவரை தரையிலிருந்த தலைமைக் கடிகாரம் இப்போது செய்மதிக்குள் ஏறியது. பூமியின் மூன்றிலொரு பங்கிலுள்ள நிலையங்கள் யாவும் ஆகாயத்திலிருந்த ஒரு கடிகாரத்துக்குத் தம்மைப் பொருத்திக்கொண்டன.

ஆளிகளின் தன்மையும் முக்கியம். வீட்டுச் சுவரிலுள்ள ஆளி மூடினால் மூடியதுதான். நுண்ணலைகள் அப்படியல்ல, மூடிய ஆளியினூடாகவும் சிறிது கசியும். ஒரு வாசலில் வேண்டிய சமிக்ஞை ஒன்றும் வேண்டாத ஐந்தின் கசிவும் சேர்ந்து வந்தால் பேச்சுக் கெடும். அதேவேளை ஆளிகள் கணப்பொழுதில் திறந்து மூட வேண்டும். அதற்கு இயந்திர நெம்புகோல் உதவாது, குறைகடத்தி வேண்டும். ஒரு சந்தி பழுதானால் அந்த வரிசையே பயனற்றுப்போகக்கூடும் என்பதால் மேலதிக வரிசைகள் வேண்டும். அவை எல்லாம் எடை, எல்லாம் வலு. செய்மதியில் ஒரு கிராமையேனும் யாரும் இலவசமாகத் தருவதில்லை.

இன்டெல்சாட் ஆறாம் வகையை ஹியூஸ் நிறுவனம் கட்டியது. ஒரு மீடிறனை ஆறு மடங்கு பயன்படுத்தும் திட்டம். இரண்டு அரைக்கோளக் கற்றைகளும் நான்கு வலயக் கற்றைகளும் ஆளிவலையால் பிணைக்கப்பட்டிருந்தன. இலக்கமுறைச் சுருக்கத்தோடு 120,000 தொலைபேசி அழைப்புகளைத் தாங்கும் என்று கணக்கிடப்பட்டது. இந்த வகையில் முதலாவது 1989 ஒக்டோபரில் ஏவப்பட்டது. அடுத்து வந்ததே நாம் முதலில் பார்த்த 603.

அதைக் கைவிட யாருக்கும் மனம் வரவில்லை. 1992 மே மாதம் 'என்டவர்' விண்ணோடம் தனது கன்னிப் பயணத்தை அதற்காகவே மேற்கொண்டது. பியர் தூவோ என்ற விண்வெளி வீரர் சிறப்பாகச் செய்யப்பட்ட பிடிகோலொன்றால் செய்மதியைப் பற்ற முயன்றார். தொட்ட மாத்திரத்தில் அது தள்ளாடி விலகியது. மறுநாளும் அதே கதை. நான்கு தொன்னுக்கு மேற்பட்ட பொருளொன்று எடையற்ற வெளியில் விரல்பட்டாலே நகர்ந்துவிடும் என்பதைத் தரையில் யாரும் முழுமையாக ஒத்திகை பார்த்திருக்க முடியாது. மே 13ஆம் திகதி தூவோவுடன் ரிச்சர்ட் ஹீப், தோமஸ் ஏகர்ஸ் ஆகியோரும் வெளியே வந்தனர். வரலாற்றில் முதன்முறையாக மூவர் ஒன்றாக விண்வெளியில் நின்று, மெதுவாகச் சுழன்றுவந்த செய்மதியைக் கையுறை அணிந்த கைகளால் பிடித்து நிறுத்தினர். 8 மணித்தியாலமும் 29 நிமிடமும் நீடித்த வேலை அது. புதிய உந்துபொறி பூட்டப்பட்டது, செய்மதி தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, இருபதாண்டளவு பணியாற்றியது. கிளார்க் 1945இல் கற்பனை செய்த விண்வெளித் திருத்துநர்கள் ஒரு தொலைத்தொடர்புச் செய்மதிக்காக இவ்வளவு பாடுபட்டது வேறெப்போதும் நிகழவில்லை எனலாம்.

தரையின் பழிவாங்கல்

அதற்கிடையில் கடலடியில் வேறொன்று நடந்துவிட்டது. 1988 டிசெம்பரில் அத்திலாந்திக்கின் அடியில் முதலாவது ஒளியிழை வடம் இயங்கத் தொடங்கியது. 40,000 அழைப்புகளைச் சுமக்கும் வல்லமை கொண்ட அந்த வடத்துக்குக் கால்செக்கன் தாமதமும் இல்லை. நகரத்துக்கு நகரம் பெருந்தொகையாகப் பேச்சைக் கடத்தும் தொழில் ஒளியிழைக்குப் போயிற்று. வானத்துப் பரிவர்த்தனை நிலையம் பிறந்தபோதே அதன் பெரும் வாடிக்கையாளர்கள் வேறிடம் பார்க்கத் தொடங்கிவிட்டனர்.

செய்மதிக்கு எஞ்சியது வடம் போகாத இடங்கள். கப்பல், பாலைவனம், தீவு, போர்முனை. அங்கே பெரிய அன்ரனா வைக்க முடியாது. சிறிய அன்ரனாவோடு பேச வேண்டுமானால் மேலிருந்து வரும் கற்றை மிக ஒடுக்கமாகவும் செறிவாகவும் இருக்க வேண்டும். கற்றை ஒடுங்கினால் எண்ணிக்கை பெருக வேண்டும். ஆறு நூறாகும்போது சந்திகள் முப்பத்தாறு பத்தாயிரம் ஆகிவிடும். தரையில் இதே சிக்கலுக்கு பெல் ஆய்வுகூடத்தின் சார்ள்ஸ் குளோ 1953இலேயே விடை சொல்லியிருந்தார். ஒரே பெரிய வலைக்குப் பதிலாகச் சிறிய வலைகளை மூன்று அடுக்காக அமைத்தால், எந்த அழைப்பும் தடைப்படாமலே சந்திகளைக் குறைக்கலாம். அவரது வாய்ப்பாட்டின்படி நூறு வாசல்களுக்கு 10,000 சந்திகளுக்குப் பதில் 5,700 போதும். வாசல்கள் முப்பத்தாறு ஆகும்போதே இலாபம் தொடங்கிவிடுகிறது. இருபத்தைந்து என்றால் நட்டம். பொறியியலில் எதுவும் எல்லா இடத்திலும் நன்மை தருவதில்லை.

ஆளியே இல்லாமல் வலுவைப் பங்கிடும் வழியும் ஒன்று உண்டு. ஜெசி பட்லர், ரால்ப் லோ ஆகிய இருவரும் 1961இல் வெளியிட்ட பின்னல் அது. எட்டு வாசல்களை எட்டு வாசல்களோடு பிணைக்கப் பன்னிரண்டு சிறு இணைப்பிகளே போதும். ஒரு வாசலில் நுழைந்த சமிக்ஞை எட்டாகப் பிரிந்து, எட்டுப் பெருக்கிகளிலும் ஏறி, எதிர்ப்பின்னலில் மீண்டும் ஒன்றுகூடி ஒரே வாசலால் வெளியேறும். ஒரு கற்றையில் நெரிசலும் மற்றொன்றில் வெறுமையும் இருக்கும்போது வெறும் பெருக்கி சும்மா இருக்காமல் நெரிசலுக்கு உதவும். பல கற்றைச் செய்மதிகளில் வலுவை வீணாக்காத இந்த உத்தி இன்றளவும் உயிர்வாழ்கிறது.

இன்னொரு பாதை, சமிக்ஞையை அலையாகவே கடத்தாமல், செய்மதியிலேயே அவிழ்த்து, ஒன்றும் பூச்சியமுமாக மாற்றி, முகவரி பார்த்து, மீண்டும் கட்டி அனுப்புவது. தபாற் கந்தோரில் பையை அவிழ்த்துக் கடிதங்களைத் தரம்பிரிப்பது போன்றது. வழியில் சேர்ந்த இரைச்சலும் அவிழ்க்கும்போதே கழிந்துவிடும். 1991 ஜனவரியில் இத்தாலி ஏவிய 'இட்டால்சாட்' ஆறு கற்றைகளோடு இதைச் செய்தது. 1993 செப்டெம்பரில் டிஸ்கவரி விண்ணோடத்திலிருந்து ஏவப்பட்ட நாசாவின் 'அக்ட்ஸ்' இன்னும் துணிந்தது. அதன் கற்றைகளிற் சில ஓரிடத்தில் நிற்காமல் ஊருக்கு ஊர் தாவின. மோட்டரோலா செய்த செயலி ஒவ்வொரு 64 கிலோபிற் சுற்றையும் தனித்தனியே தரம்பிரித்தது.

அக்ட்ஸின் கதையில் அரசியலும் உண்டு. தனியார் நிறுவனங்கள் செய்ய வேண்டிய ஆராய்ச்சிக்கு அரசு ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்டு, ரேகன் நிர்வாகம் ஆண்டுக்கு ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலிருந்து அதை நீக்க முயன்றது. கொங்கிரஸ் ஒவ்வொரு முறையும் பணத்தைத் திரும்பச் சேர்த்தது. அக்ட்ஸ் பறந்தேயிராவிட்டால் தனியாருக்கு அந்தத் துணிவு எப்போது வந்திருக்கும் என்பது கேட்கத் தகுந்த கேள்வி. என் எண்ணத்தில், கொங்கிரஸ் செய்தது சரியே. தோற்கக்கூடிய ஒன்றை முதலில் செய்துபார்க்கும் வேலை எப்போதும் பொதுப் பணத்தின் தலையிலேயே விழுகிறது.

கையில் வந்த செய்மதி

தனியார் துணிந்தபோது அளவுக்கு மீறித் துணிந்தனர். மோட்டரோலாவின் 'இரிடியம்' திட்டத்தில் 66 செய்மதிகள். ஒவ்வொன்றிலும் 48 கற்றைகள். ஒவ்வொன்றும் அயலிலுள்ள நான்கோடு வானொலியால் பேசும். அழைப்பு ஒரு செய்மதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிச் சென்று உரிய இடத்தில் இறங்கும். 1998 நவம்பரில் சேவை தொடங்கிற்று. 1999 ஓகஸ்டில் நிறுவனம் வங்குரோத்தாயிற்று. ஏறத்தாழ 500 கோடி டொலர் செலவான அமைப்பு அடுத்த ஆண்டு 2.5 கோடி டொலருக்குக் கைமாறியது. கருவி தோற்கவில்லை, கணக்குத் தோற்றது. நகரங்களில் சாதாரணக் கைத்தொலைபேசி முந்திக்கொண்டது.

ஐக்கிய அரபு அமீரகத்தின் 'துரையா' நிதானமானது. 2000 ஒக்டோபரில் அதன் முதற் செய்மதியும், 2003 ஜூனில் இரண்டாவதும் ஏவப்பட்டன. 12.25 மீற்றர் அகல அன்ரனா, அதை ஊட்டும் 128 உறுப்புகள், இருநூறுக்கு மேற்பட்ட கற்றைகள். எல்லா உறுப்பும் எல்லாக் கற்றைக்கும் உழைப்பதாக வைத்தால் 25,600 பெருக்கல்கள், அதுவும் ஒவ்வொரு நுண்கணமும். கம்பியாலும் பெருக்கியாலும் இதைச் செய்ய நினைத்தால் செய்மதி புறப்படாது. சிலிக்கன் சில்லுகளில் வெறும் எண்களாகவே கற்றைகள் உருவாக்கப்பட்டன. ஏவியபின் எண்களை மாற்றினால் கற்றைகளும் மாறும். துரையாக் கைத்தொலைபேசிகள் இரண்டு தமக்குள் பேசும்போது பேச்சு தரைநிலையத்துக்கு இறங்காமலே மேலேயே இணைக்கப்படலாம். இதுவே ஸ்ட்ரோஜரின் கனவின் உச்சம்.

செய்தியாளர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் 2003 ஏப்ரலில் ஈராக்கில் அமெரிக்கப் படைகளோடு சென்ற பத்திரிகையாளர்களிடம் துரையாத் தொலைபேசிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உத்தரவிடப்பட்டது. தொலைபேசி தான் நிற்கும் இடத்தை வலையமைப்புக்கு அறிவிப்பதால், அது எதிரியின் கையில் கிட்டக்கூடும் என்ற அச்சம். வழிப்படுத்தும் கருவி முகவரி அறிய வேண்டும்; முகவரி அறிந்த கருவியிடம் ஒளிந்திருக்க முடியாது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் எமது நாட்டோடு தொடர்புடையது. விடுதலைப் புலிகளின் ஒலி, ஒளிபரப்புகள் இன்டெல்சாட் 12 செய்மதியின் வெறுமையாயிருந்த டிரான்ஸ்பொண்டர் ஒன்றினூடாக அனுமதியின்றிச் சென்றதாக 2007 ஏப்ரலில் குற்றஞ்சாட்டப்பட்டது. புலிகள் அதை மறுத்தனர். இலங்கை அரசு முறையிட்டது. இன்டெல்சாட் ஒளிபரப்பை நிறுத்தியது. அரசியல் ஒருபுறமிருக்க, இங்கே கவனிக்க வேண்டியது கருவியின் இயல்பு. வளைந்த குழாய் யாரென்று கேட்பதில்லை. உரிய மீடிறனில் உரிய வலுவோடு எது ஏறினாலும் அதை இறக்கிவிடும்.

மேலே மூளையை வைப்பதா, கீழே வைப்பதா என்ற வழக்கு இத்தோடு தீர்ந்துவிடவில்லை. 2005இல் ஏவப்பட்ட 'ஸ்பேஸ்வே' முதலிரண்டு செய்மதிகள் இணையப் பொதிகளை வானத்திலேயே வழிப்படுத்தக் கட்டப்பட்டவை. உரிமையாளர்கள் மனம் மாறி, அந்த மூளையைப் பயன்படுத்தாமல் அவற்றைத் தொலைக்காட்சிக்கு ஒதுக்கிவிட்டனர். 2007இல் வந்த மூன்றாவது மட்டும் எண்ணியபடி பணிசெய்தது. செக்கனுக்கு 10 கிகாபிற் அளவு. 2011 ஒக்டோபரில் ஏவப்பட்ட 'வியாசாட்-1' பழைய குழாய்க்கே திரும்பியது. 72 கற்றைகள், மேலே மூளை இல்லை, எல்லாத் தரம்பிரிப்பும் தரைநிலையங்களில். அதன் கொள்ளளவு 140 கிகாபிற். ஏவிய நாளில் பழசாகிவிடும் சில்லை மேலே அனுப்புவதைவிட, தரையில் ஆண்டுதோறும் புதிய சில்லு வாங்குவது மேல் என்ற வாதம் வென்றதுபோலத் தோன்றியது. 2018 டிசெம்பரில் ஏவப்பட்ட இந்தியாவின் ஜிசாட்-11, பயனாளருக்கு 32 கற்றைகளும் நுழைவாயில் நிலையங்களுக்கு 8 கற்றைகளுமாக இதே தத்துவத்தைப் பின்பற்றியது.

குழாய்க்கு ஒரு விலை உண்டு. அது பணத்தில் மட்டும் கணக்கிடப்படுவதில்லை. ஒரே கிராமத்தின் இரண்டு வீடுகளுக்கிடையிலான பேச்சும் மேலே ஏறி, நுழைவாயில் நிலையத்தில் இறங்கி, மீண்டும் ஏறி இறங்க வேண்டும். அந்த நிலையம் யாருடைய மண்ணில் இருக்கிறதோ அவருடைய சட்டம் அங்கே செல்லும். அரசுகளுக்கு இது பிடித்தமான ஏற்பாடு. இந்தியா செய்மதித் தொலைபேசிச் சேவைக்கு உரிமம் வழங்கும்போது நுழைவாயில் தன் மண்ணிலேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. இரிடியம்கூட, தரையைத் தொடாமலே பேச்சைக் கடத்தும் வல்லமை இருந்தும், நாடுகளின் சம்மதத்துக்காகப் பல இடங்களில் நுழைவாயில்களை அமைக்க நேர்ந்தது.

2005இல் தொடங்கிய இன்மார்சாட் நான்காம் தலைமுறைச் செய்மதிகளில் ஒரு நடுவழி தென்பட்டது. 9 மீற்றர் அன்ரனாவும் இருநூறுக்கு மேற்பட்ட ஒடுங்கிய கற்றைகளும் கொண்ட அவை, சமிக்ஞையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, உள்ளே இருப்பதை வாசிக்காமலே, வேண்டிய கற்றைக்கு மாற்றிவிடும். கடிதத்தைப் பிரிக்காமல் உறையை மட்டும் பார்த்துத் தரம்பிரிப்பது போல. 2021 ஜூலையில் ஏவப்பட்ட 'யூட்டெல்சாட் குவாண்டம்' கற்றைகளின் வடிவத்தையே ஏவியபின் மாற்றியமைக்கத்தக்கது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஆயிரக்கணக்காகச் சுற்றும் ஸ்டார்லிங்க் செய்மதிகளோ லேசர் கதிர்களால் தமக்குள் பேசி, பொதியைத் தரையிறக்குவதற்கு முன் நெடுந்தூரம் வானத்திலேயே கடத்துகின்றன. இரிடியத்தின் பழைய எண்ணம் புதிய சில்லுகளோடு திரும்பிவிட்டது. அந்தச் சேவைக்கு இலங்கையில் 2024இல் அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. 2025 ஜூலையில் அது இயங்கத் தொடங்கியது.

துரையாவின் மூன்றாவது செய்மதி, 2008 ஜனவரியில் ஏவப்பட்டு ஆசியாவின் கிழக்குப் பகுதிக்கும் ஒஸ்ரேலியாவுக்கும் சேவையளித்தது, 2024 ஏப்ரலில் பழுதடைந்தது. பிடித்துத் திருத்த விண்ணோடங்கள் இல்லை. அவை 2011இலேயே ஓய்வுபெற்றுவிட்டன. 36,000 கிலோமீற்றர் உயரத்துக்கு அவை எந்நாளும் போனதுமில்லை. அவுஸ்திரேலியப் பாலைவனத்திலும் பசுபிக் படகுகளிலும் அந்தத் தொலைபேசிகளை நம்பியிருந்தவர்கள் வேறு கருவிகளைத் தேட வேண்டியதாயிற்று.